ஒரே மாடத்தில் இரண்டு படங்கள்: வாசகர் கேள்வி பதில்

குன்னூர் மார்க்கெட் பக்கம் பல ஆண்டுகள் தையல் கடை நடத்தியவர் இந்த அம்மா. பிறந்தது 1955இல், வியட்நாமின் சைகோன் நகரத்தில். தாய் வியட்நாமியர், தந்தை சிவகங்கைப் பக்கத்துத் தமிழர். சென்ற இதழில் இவரைப் பற்றிய சிறு குறிப்பைப் படித்துவிட்டு வாசகர்கள் நிறையக் கேள்விகள் அனுப்பியிருந்தார்கள். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு, தேர்ந்தெடுத்த கேள்விகளுக்கு அவரே பதில் எழுதித் தந்திருக்கிறார்.

நீங்கள் தமிழரா, வியட்நாமியரா? அவ்வளவு தூரத்தில் தமிழர்கள் எப்படி வந்தார்கள்?
ஓர் ஆசிரியை, கோத்தகிரி

இரண்டும்தான் டீச்சர். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலத்திலேயே நம்மவர்கள் அங்கே போய்விட்டார்கள். நகரத்தார் வட்டிக்கடை வைத்தார்கள். புதுச்சேரி, காரைக்கால்காரர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையோடு அரசாங்க உத்தியோகத்துக்குப் போனார்கள். தமிழ் முஸ்லிம்கள் துணிக்கடை வைத்தார்கள். அவர்கள் 1935இல் கட்டிய பள்ளிவாசல் இன்றும் நகரத்தின் நடுவில் இருக்கிறது. தண்டாயுதபாணிக்கு ஒரு கோயில், மாரியம்மனுக்கு ஒரு கோயில்.

அப்பா ஒரு துணிக்கடைக்கு ஆளாகப் போனவர். பிறகு பென் தான் சந்தைக்குப் பின்னால் சின்னதாகச் சொந்தக் கடை போட்டார். அம்மாவுக்கு மேக்கோங் ஆற்றுப் பக்கம், மீ தோ என்ற ஊருக்கு அருகே ஒரு கிராமம். துணி எடுக்க வந்த இடத்தில் பழக்கமாகி, மாரியம்மன் கோயிலில் கல்யாணம். அந்தக் கோயிலுக்கு வியட்நாமியரும் சீனரும் நம்மைவிட அதிகமாக வருவார்கள். கருவறைப் பின்சுவரில் நெற்றியை வைத்து அழுத்திக்கொண்டு வேண்டுதலை வாய்க்குள்ளேயே சொல்வார்கள். அம்மா அப்படித்தான் கும்பிடுவார். குன்னூர் வந்த பிறகு தந்தி மாரியம்மன் கோயிலிலும் சுவரைத் தேடிப் போய் அப்படியே நிற்பார். முதலில் எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள், அப்புறம் பழகிவிட்டது.

எனக்குத் தமிழ் எழுதப் படிக்க அப்பா சொல்லிக் கொடுத்தது கடைக் கணக்கு நோட்டில். இங்கே வந்த புதிதில் என் முகத்தைப் பார்த்து, ஊட்டியில் ஸ்வெட்டர் விற்கும் திபெத்துக்காரர்களின் வீட்டுப் பெண் என்று நினைத்தார்கள். தமிழில் பேரம் பேசியதும் ஆச்சரியப்பட்டார்கள்.

நம் மலை ரயிலைப் போலவே வியட்நாமிலும் ஒன்று இருந்ததாமே? நீங்கள் ஏறியிருக்கிறீர்களா?
ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், வெல்லிங்டன்

ஏறியிருக்கிறேன் ஐயா. இதைக் கேட்க ஓர் ஆள் கிடைத்தாரே என்று சந்தோஷமாக இருந்தது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

வியட்நாமின் ஊட்டி தா லாத். பிரெஞ்சுக்காரர்கள் உருவாக்கிய மலைநகரம். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம். பைன் மரம், ஏரி, முட்டைக்கோஸ், கேரட், ஸ்ட்ராபெரி எல்லாம் உண்டு. கீழே கடற்கரைச் சமவெளியில் தாப் சாம் என்ற ஊரிலிருந்து 84 கிலோமீட்டருக்குப் பாதை. 1932இல் முழுப் பாதையும் திறந்தார்கள். செங்குத்தான இடங்களில் நம் கல்லாறு – குன்னூர் பாதையைப் போலவே தண்டவாளங்களுக்கு நடுவே பல் சட்டம் இருக்கும். அதற்கான எஞ்சின்களில் பல சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரத் தொழிற்சாலையில் செய்தவை. நம் மேட்டுப்பாளையம் பாதையின் பழைய நீராவி எஞ்சின்களும் அதே தொழிற்சாலையில் பிறந்தவைதான். உங்களுக்குத் தெரியாததில்லை.

எனக்கு ஏழு வயதில் அப்பா கூட்டிப் போனார். தாப் சாம் ஸ்டேஷனுக்குப் பக்கத்துக் குன்றில் செங்கல் கோபுரம் ஒன்று உண்டு, சாம் மக்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன் கட்டிய சிவன் கோயில். அப்பா செருப்பைக் கழற்றிவிட்டுப் பிளாட்பாரத்தில் நின்றபடியே கும்பிட்டார். ரயில் மலையேறத் தொடங்கியதும் பல் சட்டத்தில் எஞ்சின் கடித்துக் கடித்துப் போகும் சத்தம். அந்தச் சத்தத்தோடு அப்பா எனக்குத் தமிழ் எண்களைச் சொல்லிக் கொடுத்தார்.

அடுத்த வருஷமும் போகலாம் என்றார். போகவில்லை. பாதையில் கண்ணிவெடி, பாலத்துக்குக் குண்டு என்று செய்தி வந்துகொண்டே இருந்தது. 1960களின் கடைசியில் ரயில் அடியோடு நின்றுவிட்டது. போர் முடிந்த பிறகாவது ஓடியிருக்கலாம். ஆனால் வடக்கையும் தெற்கையும் இணைக்கும் பெரிய பாதையைச் சரிசெய்யத் தண்டவாளம் தேவைப்பட்டது, இதைப் பெயர்த்து எடுத்துப் போனார்கள். மிஞ்சிய எஞ்சின்கள் சிலவற்றை 1990இல் சுவிட்சர்லாந்துக்காரர்களே வாங்கிக்கொண்டு போய் அவர்கள் மலையில் ஓட்டுகிறார்கள். இன்று தா லாத்தில் சுற்றுலாவுக்கென்று 7 கிலோமீட்டர் மட்டும் ஓடுகிறது, அந்தத் துண்டில் பல் சட்டம் கிடையாது.

மழைக்காலத்தில் மண்சரிவால் நம் ரயில் நிற்கும்போதெல்லாம் டூரிஸ்டுகள் சலித்துக்கொள்வார்கள். எனக்கு அந்தச் சலிப்பு வருவதில்லை. மண்ணை அள்ளிவிட்டு மறுபடி ஓட்டிவிடுவார்கள் என்று தெரியும்.

போர் என்றால் என்ன என்று முதலில் புரிந்தது எப்போது?
கல்லூரி மாணவி, ஊட்டி

சத்தம் முன்பே கேட்டிருக்கிறேன் கண்ணு. 1963 நவம்பரில் தெற்கு வியட்நாம் அதிபர் தியெமைக் கவிழ்த்துக் கொன்றபோது எங்கள் தெருவரைக்கும் துப்பாக்கிச் சத்தம் கேட்டது. ஆனால் அப்போது எனக்கு அது பெரியவர்களின் சங்கதி. வீட்டுக்குள் வந்தது 1968 தெத் பண்டிகையில்தான்.

தெத் என்பது அவர்களின் புத்தாண்டு. நம் பொங்கலையும் தீபாவளியையும் சேர்த்து ஒரே வாரத்தில் கொண்டாடினால் எப்படியிருக்கும், அப்படி. வீட்டுக்கு வீடு மஞ்சள் பூ பூத்த கிளையை ஜாடியில் வைப்பார்கள். பாசிப்பருப்பும் பன்றிக்கறியும் வைத்து வாழையிலையில் சுற்றி ராத்திரி முழுக்க வேகவைத்த ஒட்டரிசிக் கட்டை இருக்கும். பிள்ளைகளுக்குச் சிவப்பு உறையில் காசு கிடைக்கும். பட்டாசு காது கிழியும். பண்டிகைக்குச் சண்டை நிறுத்தம் என்று இரண்டு பக்கமும் அறிவித்திருந்ததால் பாதிச் சிப்பாய்கள் லீவில் ஊருக்குப் போயிருந்தார்கள்.

ஜனவரி 31, விடிவதற்கு முன். இன்னும் பட்டாசு போடுகிறார்களே என்று நான் புரண்டு படுத்தேன். அப்பாதான் எழுந்து உட்கார்ந்து காது கொடுத்தார். "பட்டாசுக்குக் கண்ணாடி அலமாரி ஆடாதே" என்றார். அமெரிக்கத் தூதரகம், அதிபர் மாளிகை, வானொலி நிலையம் எல்லாவற்றையும் வடக்கு வியட்நாம் ஆதரித்த விடுதலை முன்னணிக்காரர்கள் ஒரே நேரத்தில் தாக்கியிருந்தார்கள் என்பது பிற்பாடு தெரிந்தது. அந்த நேரத்தில் எங்களுக்குத் தெரிந்தது அலமாரி ஆடியது மட்டும்தான்.

அப்பா கடையிலிருந்த துணி பேல்களை இழுத்து வந்து பலகைக் கட்டிலைச் சுற்றி அடுக்கினார். பாப்ளின் பேல் கனமானது, அது தெருப்பக்கம். மெல்லிய 'வாயில்' ரகத் துணி பேல் உள்பக்கம். நாங்கள் கட்டிலுக்கு அடியில். சுவர் ஓரம் தம்பி, நடுவில் நான், வெளி ஓரம் அம்மா. அப்பா கதவுப் பக்கம் உட்கார்ந்தே இருந்தார். தம்பியைச் சுவர் ஓரம் படுக்க வைத்ததற்கு நான் அழுதேன். பன்னிரண்டு வயதில் அதற்குக்கூட அழத் தோன்றியிருக்கிறது.

நகரமெங்கும் ஊரடங்கு. சீனர்கள் நிறைந்த சோலோன் பகுதியில் சண்டை வாரக்கணக்கில் நடந்தது. தெருத்தெருவாக வீடு எரிந்துபோன ஜனங்கள் எங்கள் பள்ளிக்கூடத்தில் வந்து தங்கினார்கள். வகுப்பறையில் பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டுப் படுத்திருந்தார்கள், கரும்பலகையில் தொட்டில் கயிற்றின் நிழல் ஆடும். மே மாதம் மறுபடி தாக்குதல், ராக்கெட் விழுந்தது. அந்த பேல்கள் கட்டிலைச் சுற்றி வருஷக்கணக்கில் அப்படியே இருந்தன. விற்பனைக்கு ஒரு பேல் எடுத்தால் வேறொன்றை அந்த இடத்தில் வைத்துவிட்டுத்தான் அப்பா கட்டைப் பிரிப்பார். கட்டிலுக்கு அடியில் அரிசி டின், தண்ணீர்ச் சாடி, மீன் சாறு பாட்டில், மண்ணெண்ணெய் விளக்கு, ரெக்சினில் சுற்றிய பிறப்புச் சான்றிதழ்கள். இவ்வளவும் எந்த இருட்டிலும் என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தன.

படத்தில் காட்டுவது காட்டுச் சண்டையும் ஹெலிகாப்டரும் சிப்பாயின் முகமும். கட்டிலுக்கு அடியில் யார் எந்த ஓரம் படுப்பது என்று ஒரு தாய் தினமும் முடிவு செய்ததைச் சொல்ல யாராவது வேண்டும் என்றுதான் இந்தப் பதில்களை எழுத ஒப்புக்கொண்டேன்.

பாராசூட் துணியில் சட்டை தைத்ததாகக் குறிப்பில் போட்டிருந்தது. உண்மையா? எப்படித் தைத்தீர்கள்?
தையல் பயிலும் பெண், ஜெகதளா

உண்மைதான். மனிதர்கள் குதிக்கும் பாராசூட் இல்லை. ராத்திரியில் வயல் வெளியில் யார் நடமாடுகிறார்கள் என்று பார்க்க வானத்திலிருந்து வெளிச்சக் குண்டு போடுவார்கள். அது ஒரு குடையில் தொங்கியபடி எரிந்துகொண்டே மெதுவாக இறங்கும். நிழலெல்லாம் ஒரு பக்கமாக நகரும், நாய்கள் குரைக்காமல் ஒடுங்கிவிடும். விடிந்ததும் கிராமத்துப் பிள்ளைகள் அந்தக் குடையைத் தேடி ஓடுவார்கள். வெடிக்காத குண்டு கிடக்கலாம், கண்ணி இருக்கலாம். அம்மாச்சி திட்டுவார். ஆனாலும் துணி வந்தால் வாங்கி வைத்துக்கொள்வார்.

வெள்ளைத் துணி, நெருக்கமான நெசவு, கையில் வழுக்கும். நீள முக்கோணத் துண்டுகளைச் சேர்த்துக் குடையாகத் தைத்திருப்பார்கள். ஒவ்வொரு மூட்டும் ஓரம் மடித்த இரட்டைத் தையல், பிரித்தெடுக்க பிளேடு வேண்டும். அம்மா ஒரு நூலைக்கூட அறுத்து எறிய மாட்டார், இழுத்து உருவி அட்டையில் சுற்றி வைப்பார். அந்த நூல் அவ்வளவு பலம். வெளிச்சக் குண்டுக்குப் பக்கத்தில் இருந்த துணியில் தீப்பொறி பட்டு மிளகளவு ஓட்டைகள் இருக்கும். அவற்றைத் தவிர்த்து பேட்டர்ன் போடுவதுதான் வேலை. கைப்பகுதியை மேலே தள்ளி, முதுகைக் குறுக்காகத் திருப்பி, ஓட்டை விழுந்த இடம் அக்குளுக்குள் போகும்படி வெட்டுவார். அம்மாவிடம் நான் கற்ற முதல் வெட்டு அதுதான். எத்தனை முறை துவைத்தாலும் கருகின வாடை போகவில்லை. வியர்வையும் உறிஞ்சாது, அந்த ஊர் வெயிலுக்கு உடம்பெல்லாம் எரியும். கொசுவலைக்குத்தான் ஓரளவு சரிப்பட்டது.

உனக்கு ஒரு தொழில் குறிப்பு: நைலானை வெட்டிய பின் ஓரத்தைச் சூடான கத்தியால் தொட்டுவிடு, பிசிறு வராது. அம்மா விளக்கில் காட்டிய கத்தியால் செய்தார்.

உங்கள் குடும்பம் எந்தப் பக்கம்? அமெரிக்கா பக்கமா, ஹோ சி மின் பக்கமா?
வாசகர், கூடலூர்

என் தாய்மாமன்கள் இரண்டு பேர். பெரிய மாமா அமெரிக்கா பக்கம் நின்ற தெற்கு ராணுவம். சின்ன மாமா எதிர்ப்பக்கம், விடுதலை முன்னணி.

பெரிய மாமா விரும்பிப் போகவில்லை. தெத் தாக்குதலுக்குப் பிறகு 1968இல் பொதுத் திரட்டல் சட்டம் வந்தது. 18 முதல் 38 வயது வரை ஆண்கள் ராணுவத்தில் சேர வேண்டும். மாமாவுக்கு அப்போது கல்யாணமாகி ஒரு குழந்தை. நடவு வயலில் நின்றவரைக் கூப்பிட்டுப் போனார்கள். 1972இல் ஆன் லோக் என்ற ஊரில் மாதக்கணக்கில் முற்றுகை, சைகோனுக்கு வடக்கே சுமார் 100 கிலோமீட்டர். அங்கே இறந்தார். உடல் வந்தது. ராணுவக் கல்லறையில் புதைத்தோம்.

சின்ன மாமா 1964இலேயே ஒரு ராத்திரி வீட்டை விட்டுப் போய்விட்டார், பதினேழு வயது. ஊரில் கேட்டவர்களிடம் "சைகோனில் அக்கா வீட்டில் வேலைக்கு இருக்கிறான்" என்று அம்மாச்சி சொல்லிவிட்டார். அக்கா வீடு என்றால் எங்கள் வீடு. குடும்பப் பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு போலீஸ் வீடு வீடாகத் தலையெண்ணும் காலம் அது. அப்பாவுக்கு ஒவ்வொரு கதவுத் தட்டலுக்கும் வயிற்றைக் கலக்கும். ஒரே ஒரு தடவை சின்ன மாமா வந்தார். தேங்காய்ச் சுமைக்காரர்களோடு சுமைக்காரராகப் பின்வாசலில் இறங்கினார். பேசவில்லை. அம்மா சோறு போட்டார், சாப்பிட்டார். பிறகு அம்மா கடைக் கத்திரியை எடுத்து அவர் முடியை வெட்டிவிட்டார். கழுத்தில் பேன் கடித்த தழும்புகள். தரையில் விழுந்த முடியை அம்மா கூட்டி அள்ளாமல் கையாலேயே பொறுக்கினார். இருட்டியதும் மாமா போய்விட்டார். அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

போர் முடிந்து சில மாதங்கள் கழித்து ஒரு காகிதம் வந்தது. அவர் 1969இல் இறந்துவிட்டார் என்று. தேதி இல்லை, இடம் இல்லை. தாயகத்துக்காக உயிர் கொடுத்தவர் என்று அச்சடித்த சான்றிதழ் ஒன்றும் வந்தது. அப்படிக் காணாமல் போனவர்கள் அந்த நாட்டில் லட்சக்கணக்கில். இறந்த நாள் தெரியாவிட்டால் வீட்டை விட்டுக் கிளம்பின நாளையே திதியாக வைத்துக்கொள்வார்கள். அம்மாச்சியும் அப்படித்தான் வைத்தார்.

இனிதான் உங்கள் கேள்விக்குப் பதில். அவர்கள் வீடுகளில் முன்னோருக்கென்று ஒரு மாடம் இருக்கும். படம், ஊதுபத்தி, பழம், திதி நாளில் சோறு. சின்ன மாமாவின் சான்றிதழை இப்போது பெருமையாக மாட்டலாம். பெரிய மாமாவின் படமோ ராணுவ உடுப்பில். தெற்கு ராணுவத்தோடு சம்பந்தப்பட்ட காகிதம், படம் எல்லாவற்றையும் அக்கம்பக்கத்தில் எரித்துக்கொண்டிருந்தார்கள். அம்மாச்சி எரிக்க மாட்டேன் என்றுவிட்டார். அம்மா அந்தப் படத்தை ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோய், உடுப்புக்கு மேல் வெள்ளைச் சட்டை வரைந்து வாங்கி வந்தார். காலர் கொஞ்சம் கோணல். அப்புறம் இரண்டு படங்களையும் ஒரே மாடத்தில் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, இரண்டு பேருக்கும் ஒரே அளவில் சோறு வைத்தார் அம்மாச்சி. எங்கள் குடும்பம் அந்த மாடத்தின் பக்கம்.

இரண்டின் பிரதியும் இங்கே என் வீட்டில் இருக்கின்றன. தை அமாவாசைக்கு இலை போடுகிறேன். பெரிய மாமாவின் கல்லறை இருந்த இடம் போருக்குப் பின் பல ஆண்டுகள் ராணுவக் கட்டுப்பாட்டில் இருந்தது. 2006இல்தான் பொது நிர்வாகத்துக்கு மாற்றினார்கள். அதற்குள் அம்மாச்சி போய்ச் சேர்ந்துவிட்டார். தன் மகனின் கல்லறைக்குப் போக ஒரு தாய் அத்தனை வருஷம் காத்திருந்தது நியாயமே இல்லை. யார் ஜெயித்திருந்தாலும் இதையே சொல்வேன்.

1975 ஏப்ரல் 30 அன்று என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?
வாசகர், மஞ்சூர்

கொடி தைத்துக்கொண்டிருந்தேன்.

காலையில் தெற்கின் அதிபர் டுவோங் வான் மின் வானொலியில் சரணடைவதாக அறிவித்தார். மதியத்துக்குள் வடக்கு ராணுவத்தின் டாங்கி அதிபர் மாளிகைக் கதவை இடித்து உள்ளே போயிற்று. எங்கள் தெருவில் சண்டை எதுவும் இல்லை. தெரு முழுக்க பூட்ஸ்தான். ராணுவ பூட்ஸ், பெல்ட், தொப்பி, மடித்துக்கூட வைக்காத உடுப்பு. பனியனும் ஜட்டியுமாகப் பையன்கள் வெறுங்காலோடு வீட்டைத் தேடி நடந்துகொண்டிருந்தார்கள். சிலர் கடைக் கதவைத் தட்டினார்கள். அப்பா இருந்த சட்டைகளை எடுத்துக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. ரெடிமேட் தீர்ந்ததும் அம்மா உள்ளே போய் வீட்டுச் சட்டைகளைக் கொண்டுவந்தார்.

சாயங்காலம் தெருக்காரர்கள் வந்துவிட்டார்கள். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் முன்னணியின் கொடி வேண்டும், துணிக்கடை எங்களுடையது. மேலே சிவப்பு, கீழே நீலம், நடுவில் மஞ்சள் நட்சத்திரம். சிவப்பும் நீலமும் கடையில் இருந்தன. மஞ்சள் இல்லை. கடை வாசலில் கட்டாயமாகத் தொங்கவிட்டிருந்த பழைய கொடி மஞ்சள், குறுக்கே மூன்று சிவப்புப் பட்டை. அம்மா அதைக் கழற்றி என் மடியில் போட்டார். பட்டைகளைப் பிரித்தேன். துணியை நடுவில் மடித்து, அப்புறம் ஐந்து பங்கு வரும்படி விசிறியாக மடித்து, சாய்வாக ஒரே வெட்டு. விரித்தால் நட்சத்திரம். ஒரு கொடியிலிருந்து எத்தனை நட்சத்திரம் எடுக்கலாம் என்று அம்மா கையாலேயே அளந்து சுண்ணக்கட்டியால் குறித்துக் கொடுத்தார். பக்கத்து வீட்டு அக்காவின் புருஷன் தெற்கு ராணுவத்தில் கேப்டன். அவரும் ஒன்று வாங்கிப் போய் மாட்டினார். பிற்பாடு அவர் புருஷனை, தோற்ற பக்கத்துக்காரர்களை அடைத்து வைத்த மறுகல்வி முகாமுக்கு அனுப்பினார்கள், அது தனிக் கதை.

சண்டை நின்றது பெரிய நிம்மதி. அந்த ராத்திரி கட்டிலுக்கு மேல் படுத்தோம். ஆனால் கடை நிலைக்கவில்லை. செப்டம்பரில் பணத்தை மாற்றினார்கள், பழைய 500க்குப் புதிய 1. பிறகு வியாபாரமே அரசாங்கத்தின் கைக்குப் போயிற்று. அப்பாவுக்கு உடம்பும் முடியவில்லை. 1976இல் விமானம் ஏறினோம். சிவகங்கை வெயில் அம்மாவுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, ஒரு தெரிந்தவர் மூலமாகக் குன்னூர் வந்தோம்.

தேயிலைக்கு மருந்தடிக்கும்போதெல்லாம் வியட்நாமில் தெளித்த விஷம் நினைவுக்கு வரும். உங்கள் ஊரிலும் தெளித்தார்களா?
சிறு தேயிலை விவசாயி, பந்தலூர்

1961 முதல் 1971 வரை 7 கோடி லிட்டருக்கும் மேல் களைக்கொல்லியை அமெரிக்கப் படைகள் விமானத்திலிருந்து கொட்டியிருக்கின்றன. அதில் பாதிக்கு மேல் டையாக்ஸின் கலந்த ஏஜென்ட் ஆரஞ்ச். எதிராளி ஒளிந்திருக்கும் மரத்தின் இலையை உதிர்ப்பதற்கு என்று சொன்னார்கள். தென்கோடி அலையாத்திக் காடுகள் பெருமளவில் அழிந்தன. அம்மாச்சியின் கிராமத்தில் வாழைக் குருத்து சுருண்டு கருகியதையும், பிஞ்சுத் தேங்காய் கொத்தாக உதிர்ந்து கிடந்ததையும் பார்த்திருக்கிறேன். தேங்காய் வீணாகிறதே என்று பொறுக்கி வந்து சமைத்தார்கள். அது என்னவென்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. உங்கள் தோட்டத்தில் மருந்தடிக்கிறவருக்கு முகத்துணியும் கையுறையும் கொடுத்து, என்ன மருந்து, எத்தனை நாள் கழித்து இலை பறிக்கலாம் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். இதைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

தீபாவளி வெடி, ராணுவப் பயிற்சி என்று இந்தப் பக்கம் சத்தம் அதிகம். பயமாக இருக்காதா?
இல்லத்தரசி, அருவங்காடு

வெடிமருந்துத் தொழிற்சாலைக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு நீங்கள் கேட்கிறீர்கள். வெடிக்குப் பயமில்லை அம்மா. எனக்கு ஆகாதது ஹெலிகாப்டர். அங்கே அதிகம் பறந்த அமெரிக்க ஹெலிகாப்டருக்கு இறக்கை இரண்டே இரண்டு. தப்தப்தப் என்று நெஞ்சில் இடிக்கும், வருவதற்கு வெகுநேரம் முன்பே கேட்கும். இங்கே வெலிங்டன் ராணுவக் கல்லூரிக்கு வரும் ஹெலிகாப்டரின் சத்தம் வேறு மாதிரி. ஆனாலும் கையில் இருக்கும் கத்திரியைக் கீழே வைத்துவிடுவேன். கடைப் பெண்களுக்கு அது தெரியும்.

2021 டிசம்பர் 8, நஞ்சப்பசத்திரத்தில் முப்படைத் தலைமைத் தளபதி வந்த ஹெலிகாப்டர் விழுந்த நாள். பனிமூட்டம் ஊரையே மூடியிருந்தது. 14 பேரில் 13 பேர் அன்றே இறந்தார்கள், மற்றவர் ஒரு வாரம் கழித்து. தீ எரியும்போதே அந்த லைன் வீட்டு ஜனங்கள் குடத்தில் தண்ணீரும், போர்த்திக்கொண்டிருந்த கம்பளியும் எடுத்துக்கொண்டு ஓடினார்கள். அந்தக் கம்பளியில்தான் ஆட்களைத் தூக்கினார்கள். டிசம்பர் குளிரில் கம்பளி என்றால் அந்த வீடுகளில் என்ன என்று மலைக்காரர்களுக்குத் தெரியும். நான் அன்று முழுக்க அழுதேன். இறந்தவர்களுக்காகவும்தான், அந்தக் கம்பளிக்காகவும்தான். சைகோனில் விழுந்த ஹெலிகாப்டரின் பக்கத்தில் போக எங்களுக்கு அனுமதியும் கிடையாது, தைரியமும் கிடையாது.

திரும்பிப் போய்ப் பார்த்தீர்களா?
வாசகி, குன்னூர்

போனேன், அம்மா இறந்த பிறகு. கடை இருந்த இடத்தில் செல்போன் கடை. மாரியம்மன் கோயிலில் அதே சுவர், அதே மாதிரி நெற்றிகள். பூசை சாமான் விற்றவர் வியட்நாமியர். பெரிய மாமாவின் மகளைப் பார்த்தேன், எனக்கும் அவளுக்கும் சாயல் ஒன்று. ஆன் லோக்கில் இறந்தவரின் மகள் என்பதால் படிப்பில், வேலையில் அவள் பட்டதையெல்லாம் சொன்னாள். அதை எழுத அவளிடம் நான் அனுமதி கேட்கவில்லை, அதனால் எழுதவில்லை. கோழிக்குழம்பு வைத்தாள். சர்க்கரைவள்ளிக் கிழங்கு போட்டு, தேங்காய்ப்பால் ஊற்றி, ரொட்டியைப் பிய்த்துத் தொட்டுக்கொள்வது. கறிமசால் வாசனை நம் வீட்டுது.

என் பாட்டி இலங்கையின் பதுளையிலிருந்து வந்தவர். எதையும் சொல்ல மாட்டேன் என்கிறார். எப்படிக் கேட்பது?
பிளஸ் டூ மாணவன், கீழ்க்கோத்தகிரி

தம்பி, எல்லாக் கேள்வியிலும் உன் கேள்விக்குத்தான் நான் ரொம்ப யோசித்தேன். இலங்கைத் தோட்டத் தமிழர்களில் பலரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று இரு நாடுகளும் செய்த 1964 சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரம், மண்டபம் முகாம் என்று வந்து, இந்த மலையில் தேயிலைத் தோட்டங்களில் சேர்ந்த ஆயிரக்கணக்கானவர்களில் உன் பாட்டியும் ஒருவர். என் கடையில் காஜா எடுத்த அக்காவும் அப்படி வந்தவர்தான். வருஷக்கணக்கில் ஒரே மேசையில் வேலை பார்த்தோம். அவர் பட்டது எனக்குத் தெரியாது, நான் பட்டது அவருக்குத் தெரியாது. ஒரு நாள் கட்டிலுக்கு அடியில் அரிசி டின் வைக்கும் பழக்கத்தைப் பற்றிப் பேச்சு வந்தது, அன்றைக்கு இரண்டு பேருமே கடையை நேரத்துக்குப் பூட்டவில்லை.

அதனால் "கலவரத்தில் என்ன நடந்தது", "எப்படி இருந்தது" என்று ஆரம்பிக்காதே. லயத்து வீட்டில் அடுப்பு எந்தப் பக்கம் என்று கேள். கப்பலுக்கு எதை எடுத்துக்கொண்டார்கள், எதை யாரிடம் விட்டுவிட்டு வந்தார்கள், கூட யாரெல்லாம் படுத்தார்கள் என்று கேள். அவர் கை வேலையாக இருக்கும்போது கேள், கீரை ஆயும்போது, கிழங்கு உரிக்கும்போது. நீயும் கூட உட்கார்ந்து உரி. போனை முகத்துக்கு நேரே நீட்டாதே. வீட்டில் குடும்ப அட்டையோ பழைய பாஸ்போர்ட்டோ இருந்தால், இரண்டு பக்கமும் ஜெராக்ஸ் எடுத்து ஈரம் படாத இடத்தில் வை. நம் மலை ஈரத்துக்குக் காகிதம் சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும்.

சொல்வதை நடுவில் திருத்தாதே. வருஷம் தப்பாக இருந்தால் நீ பிறகு பார்த்துக்கொள்ளலாம். எழுதி முடித்ததும் பாட்டிக்கே படித்துக்காட்டு. எந்தப் பெயரை எடுக்கச் சொல்கிறாரோ அதை எடுத்துவிடு. முழுவதையுமே வேண்டாம் என்று சொன்னால் நோட்டை அவர் கையிலேயே கொடுத்துவிடு, வைத்துக்கொள்வதா கிழிப்பதா என்று அவர் பார்த்துக்கொள்ளட்டும்.